நைல் ஸ்பெஷல் அலை மூழ்கின கதை: கயாக்கர்ஸ் நட்பு எதுவரைக்கும் தாங்குச்சு

ஃப்ரீஸ்டைல் கயாக்கிங், அதாவது குட்டிப் படகுல ஆத்து அலை மேல வித்தை காட்டுற ஆட்டம், அதைப் பத்தி யார் எழுதினாலும் ஒரு விஷயம் கண்டிப்பா வரும், போட்டியாளருங்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி, ஜெயிச்சவனை தோத்தவன் தூக்கிட்டு சுத்துவான், டெக்னிக்க மறைக்காம சொல்லிக்குடுப்பாங்க, அப்படி இப்படின்னு. அது பொய் இல்ல. ஆனா அந்த நட்பு எங்கேர்ந்து வருது, எதுக்கு உதவும், எங்க போய் முட்டிக்கிட்டு நிக்கும்னு யாரும் பெருசா பேசுறதில்ல. அதுக்கு எனக்கு தெரிஞ்ச நல்ல உதாரணம் உகாண்டாவுல ஜின்ஜா பக்கத்துல வெள்ளை நைல் ஆத்துல இருந்த நைல் ஸ்பெஷல்ங்கிற அலை. 'இருந்த'ன்னு சொல்றேன் பாருங்க, இப்ப அது அணைத் தண்ணிக்கு அடியில. கரையில அலைக்கு லைன்ல நின்னவங்க யாரு, அதுல யாரு எவ்ளோ இழந்தாங்கன்னு வரிசையா பார்ப்போம்.

முதல்ல ஆத்து அலைன்னா என்னன்னு சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு அலைன்னா மெரினாதான் ஞாபகம் வரும். கடல்ல அலை நகரும், தண்ணி கிட்டத்தட்ட அதே இடத்துல ஏறி இறங்கும். ஆத்துல தலைகீழ். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், அடியில இருக்கிற பாறைத் திட்டுல வேகமா சறுக்கி இறங்கி, கீழ இருக்கிற மெதுவான தண்ணியில மோதி எழும்பி நிக்கும், அந்த எழும்பின மேடு மட்டும் அதே இடத்துலயே நாள் முழுக்க நிக்கும். அது மேல ஆத்தோட மேல்பக்கம் பார்த்து படகை வச்சா, தண்ணி உங்களை கீழ தள்ளப் பார்க்கும், சரிவு உங்களை மேல்பக்கமா இழுக்கும், ரெண்டும் சரியா போய் நீங்க அங்கயே நிப்பீங்க. சர்ஃபிங்தான், ஆனா கரைக்கு போய் சேர வேண்டியதில்ல, கை வலிக்கிற வரைக்கும் நிக்கலாம். அலை உடைஞ்சு பின்னாடி மடங்கி, தண்ணி திரும்பத் திரும்ப உள்ளயே சுத்துற மாதிரி இருந்தா அதை ஹோல்னு சொல்வாங்க. ஹோல்ல செய்ற வித்தை வேற, அலையில செய்ற வித்தை வேற.

படகு ரெண்டு மீட்டருக்கும் கம்மி. கால மடக்கி திணிச்சு உக்காரணும், இடுப்பச் சுத்தி ஸ்கர்ட் மாட்டி தண்ணி உள்ள போகாம அடைச்சுக்கணும், கவிழ்ந்தா வெளிய வராம இடுப்பால உதறி ரோல் அடிச்சு நிமிரணும். உலகப் போட்டியில ஒரு ரைடுக்கு 45 செகண்ட். அதுக்குள்ள எத்தனை மூவ் செய்ய முடியுமோ செய்யணும், ஒவ்வொரு மூவுக்கும் ஒரு பாயிண்ட் கணக்கு இருக்கு, ஒரே மூவ எத்தனை தடவை போட்டாலும் வலது பக்கம் ஒண்ணு இடது பக்கம் ஒண்ணுதான் கணக்குல வரும். காத்துல நல்லா எழும்பிட்டா கூடுதல். ஹோல்ல லூப், ஸ்பேஸ் காட்ஸில்லா, மெக்நாஸ்டி, ட்ரிக்கி வூன்னு போகும், பேரெல்லாம் கார்ட்டூன் மாதிரிதான் இருக்கும். பெரிய அலையில பான் ஆம், ஹெலிக்ஸ், ஏர்ஸ்க்ரூ. ஏர்ஸ்க்ரூன்னா அலை உச்சியில துள்ளி, தண்ணிய விட்டு மொத்தமா கிளம்பி, காத்துலயே நீளவாக்குல ஒரு முழு உருட்டு உருண்டு திரும்ப அலை மேலயே இறங்கணும். இதெல்லாம் ஹோல்ல வராது, அதுக்கு வேகமான, செங்குத்தான, ஆழமான பெரிய அலை வேணும். அப்படி அலை உலகத்துலயே கைவிட்டு எண்ணிடலாம், அதுலயும் வருஷம் பூரா, வெதுவெதுன்னு தண்ணியில, சட்டை கூட போடாம சர்ஃப் பண்ற மாதிரி ஒண்ணுன்னா நைல் ஸ்பெஷல்தான்.

இந்த ஆட்டத்தோட பின்னணி ரெண்டு வரியில. அமெரிக்காவுல 1970கள்ல ரோடியோன்னு ஆரம்பிச்சது, காளை மேல உக்காந்து தாக்குப்பிடிக்கிற மாதிரி ஹோல்ல தாக்குப்பிடிக்கிறது. 1991ல வேல்ஸ்ல முதல் உலக அளவு போட்டி, அது ஆறு கூட இல்ல, கடல் ஏத்த இறக்கத்துல பாறைங்களுக்கு நடுவுல பாயுற நீரோட்டம். 1993ல டென்னசியில ஓக்கோயி ஆறு, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஜெர்மனி, கனடா, நியூசிலாந்து, ஸ்பெயின், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியான்னு சுத்துச்சு. எரிக் ஜாக்சன்னு ஒரு அமெரிக்கர் 1993, 2001, 2005, 2007ன்னு நாலு தடவை ஆண்கள் கயாக் பட்டம் அடிச்சார். 2015ல கனடா ஒட்டாவா ஆத்துல கார்புரேட்டர் (Garburator)ங்கிற அலையில நடந்த உலகப் போட்டியில அவர் பையன் டேன் ஆண்கள் பட்டம், பொண்ணு எமிலி பெண்கள் பட்டம், ஒரே வாரத்துல. குடும்பமே படகு கம்பெனி நடத்துச்சு, அதுல வேடிக்கை என்னன்னா அவங்களோட போட்டி போட்ட பல பேர் அவங்க செஞ்ச படகுலதான் உக்காந்திருந்தாங்க.

ஒலிம்பிக்ல ஃப்ரீஸ்டைல் இல்ல. பாரிஸ் 2024ல கயாக் கிராஸ்ங்கிற கயாக் பந்தயத்த சேர்த்தாங்க, இதை சேர்க்கல. அதுனால காசு ரொம்ப கம்மி, உலக சாம்பியனே வேன்ல தூங்கி எழுந்து போட்டிக்கு வர்ற ஆட்டம். நட்புக்கு ஒரு காரணம் இதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, பணம் இல்லாத இடத்துல சண்டை எதுக்குன்னு. எனக்கு அது பாதி சரின்னுதான் படுது. பணம் இல்லாத எத்தனையோ சங்கத்துல நாற்காலிக்கு அடிச்சுக்கிறத நாமளே பாத்திருக்கோம்.

எடியில நிக்கிற வரிசை

முக்கியமான காரணம் எடி. அலைக்கு பக்கத்துல, கரை ஓரமா, தண்ணி எதிர்ப்பக்கமா மெதுவா சுழன்டு நிக்கிற ஒரு இடம் இருக்கும், அதுதான் எடி. அலை ஒண்ணு, ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் ஏற முடியும், மத்தவங்க எல்லாம் எடியில படகோட படகு உரசி வரிசையா நிக்கணும். உலக சாம்பியனும் நேத்து வந்த பையனும் அதே வரிசை. முன்னாடி இருக்கிறவன் ரைடு முடிச்சு தண்ணியோட கீழ அடிச்சிட்டுப் போய், கரையோரம் துடுப்பு போட்டு மேல ஏறி வந்து வாலுல சேர்ந்துக்கணும். இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணுமே கிடையாது. நீங்க புதுசா ஒரு மூவ் கண்டுபிடிச்சா அதை பத்து பேர் கண்ணு முன்னாடிதான் தப்பும் சரியுமா பழகணும், அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவங்க பாதி புரிஞ்சுக்குவாங்க, மீதிய நீங்களே சொல்லிடுறதுல என்ன நஷ்டம்? ஜிம்முக்குள்ள கதவ சாத்திட்டு பழகுற விளையாட்டுல வர்ற ரகசியம் இங்க வர வழியே இல்ல.

இன்னொண்ணு, கீழ யாராவது இருக்கணும். ரோல் வராம ஸ்கர்ட்ட இழுத்துவிட்டு வெளிய நீந்துற நிலமை எவனுக்கும் வரும், அப்ப படகு ஒரு பக்கம் துடுப்பு ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம் போகும், எடியில நிக்கிறவன் தன் முறைய விட்டுட்டு துரத்திப் போய் பிடிச்சுட்டு வரணும். அடுத்த ரைடுல நீ போனா நான் வரணும். இது சட்டம் இல்ல, ஆனா ஒரு தடவை வராம நின்னவன் மூஞ்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இப்படி நீந்தினவனுக்கு ஒரு அபராதமும் உண்டு, ஈர ஷூவக் கழட்டி அதுல பீர ஊத்தி எல்லார் முன்னாடியும் ஒரே மூச்சா குடிக்கணும், உலகம் பூரா கயாக்கர்ஸ் மத்தியில இருக்கிற பழக்கம் இது. கேவலமா இருக்கும்தான், ஆனா அவமானம் சிரிப்போட முடிஞ்சுபோகுது, அதோட அடுத்த நாள் அவனும் கூச்சம் இல்லாம வரிசையில நிப்பான்.

ஆக இந்த நட்பு நல்ல மனசுலேர்ந்து மட்டும் வரல, ஆறு அப்படி நிக்க வைக்குது. இதை இங்க அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, அலை போனா வரிசையும் போகும்.

ஜின்ஜா

விக்டோரியா ஏரியிலேர்ந்து நைல் கிளம்புற ஊரு ஜின்ஜா. 1862ல ஸ்பீக்ங்கிற ஆங்கிலேயர் வந்து இதுதான் நைலோட தலைன்னு சொன்ன ரிப்பன் அருவி இப்ப இல்ல, 1954ல திறந்த ஓவன் ஃபால்ஸ் அணையில போச்சு. நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய ஒட்டு உண்டு, காந்தியோட அஸ்தியில ஒரு பங்கை 1948ல இங்க நைல்ல கரைச்சாங்க, சிலை இருக்கு, பக்கத்துல ககிராவுல மத்வானி குடும்பத்தோட சர்க்கரை ஆலை. 1972ல இடி அமின் இந்தியருங்கள துரத்தினப்போ ஜின்ஜா கடைத்தெரு பாதி காலியாச்சு. போனவங்க விட்டுட்டுப் போனதுல ஒண்ணு சப்பாத்தி, அதுல முட்டை ஆம்லெட்ட வச்சு சுருட்டி ரோட்டோரம் விக்கிறாங்க, பேரு ரோலக்ஸ். உலகத்துல எந்த நாட்டு கயாக்கர் ஜின்ஜா போய்ட்டு வந்தாலும் முதல்ல இந்த ரோலக்ஸ் பத்திதான் பேசுவான்.

1996 வாக்குல வெளிநாட்டு ஆளுங்க ராஃப்டிங் கம்பெனி, அதாவது டூரிஸ்ட்ட ரப்பர் படகுல ஏத்தி ஆத்துல கூட்டிட்டுப் போற கம்பெனி ஆரம்பிச்சாங்க. ராஃப்ட் போற இடத்துல கூடவே சேஃப்டி கயாக்கர் வேணும், தண்ணியில விழுந்த டூரிஸ்ட்ட பிடிச்சுட்டு வர. அந்த வேலைக்கு ஆத்தங்கரை கிராமத்துப் பசங்க வந்தாங்க. மீன் பிடிக்கிற வீட்டுப் பசங்க, தண்ணி புதுசில்ல, படகுதான் புதுசு. வெளிநாட்டுக்காரன் ஊருக்குப் போகும்போது விட்டுட்டுப் போன படகு, ஓட்டை விழுந்து ஒட்டின படகு, கால் பத்தாத படகு, அதுலதான் கத்துக்கிட்டாங்க. கொஞ்ச வருஷத்துல சதாத் கவாவா மாதிரி ஆளுங்க பேர் உலக ஃப்ரீஸ்டைல் வட்டாரத்துல தெரிஞ்ச பேராச்சு.

வடக்கு நாடுகள்ல டிசம்பர் ஜனவரின்னா ஆறு பாதி உறைஞ்சு கிடக்கும், தண்ணி உள்ள புகாத ட்ரை சூட் இல்லாம இறங்க முடியாது. அதுனால ஐரோப்பா, கனடா, அமெரிக்கா போட்டியாளருங்க அந்த மாசங்கள்ல நைலுக்கு வருவாங்க. அலைக்கு பக்கத்துல ஹேரி லெமன்னு ஒரு குட்டித் தீவு, கேம்ப் சைட் இருந்துச்சு, காலைல எழுந்து துடுப்ப எடுத்துட்டு போனா நைல் ஸ்பெஷல். அலைக்கு வச்சது அங்க விக்கிற பீரோட பேருதான். அந்த சுத்துலயே பழகுறவங்களுக்குன்னு சாந்தமா க்ளப் வேவ்னு ஒண்ணு. வருஷா வருஷம் நைல் ரிவர் ஃபெஸ்டிவல்னு போட்டியும் வச்சாங்க, நைல் ஸ்பெஷல்ல ஃப்ரீஸ்டைல், இட்டாண்டா அருவியில பெரிய தண்ணியில வேகப் போட்டி, உகாண்டா பசங்களும் உலக டீம்ல இருக்கிறவங்களும் ஒரே போட்டிச் சுத்துல.

ஆத்துலேர்ந்து ஆத்துக்கு போறது எப்படின்னா போடா போடா, அதாவது வாடகை பைக். படகை பைக்குக்கு குறுக்கால பின் சீட்டுல வச்சு டியூப் ரப்பரால இழுத்துக் கட்டுவாங்க, அது மேலயோ அதுக்கு முன்னாடியோ கயாக்கர் ஒட்டிக்கிட்டு உக்காருவான், செம்மண் ரோட்டுல எதிர்ல லாரி வந்தா படகோட நுனி எதுலயாவது மாட்டிக்கும்னு டிரைவர் வண்டிய லேசா சாய்ப்பான். ஒரு அலை இருந்ததுக்காக எத்தனை பேருக்கு சம்பாத்தியம்னு பாருங்க, பைக்காரன், ரோலக்ஸ் போடுறவன், கேம்ப்ல சமைக்கிற அக்கா, படகு தூக்குற பொடிப் பசங்க, சேஃப்டி கயாக்கர். இவங்க யாரும் நஷ்ட ஈடு லிஸ்ட்டுல அலையால பாதிக்கப்பட்டவங்கன்னு வர மாட்டாங்க, ஏன்னா அலைக்கு பட்டா கிடையாது.

சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. அந்தத் தண்ணியில பில்ஹார்சியா இருக்கு, நத்தை வழியா வர்ற புழு, தோல் வழியா உள்ள போகும். வெளிநாட்டு கயாக்கர் ஊருக்குத் திரும்பினதும் பிராசிகுவாண்டல் மாத்திரை போட்டுக்குவான், முடிஞ்சுது. அதே எடியில அதே வரிசையில நின்ன உள்ளூர் ஆளு வருஷம் பூரா அந்தத் தண்ணியிலதான். வரிசையில சமம்தான், கரை ஏறினா சமம் இல்ல. விசாவும் அப்படித்தான். கனடாக்காரன் டிக்கெட் போட்டா நைலுக்கு வந்துடலாம், உகாண்டாக்காரன் உலகப் போட்டிக்கு போகணும்னா பேங்க் ஸ்டேட்மெண்ட், இன்விடேஷன் லெட்டர், இன்டர்வியூ, அதுக்கப்புறமும் தூதரகத்துல என்ன சொல்வாங்கன்னு தெரியாது. நண்பர்கள் காசு திரட்டிக் குடுப்பாங்க, தங்க இடம் குடுப்பாங்க, போட்டிக்கு படகு கடன் குடுப்பாங்க. இதெல்லாம் நட்பால முடியும். ஸ்டாம்ப் குத்த வைக்க நட்பால முடியாது.

ஹெண்ட்ரி கூட்சீ பத்தி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காக்காரர், ஜின்ஜாவுல தங்கி ராஃப்ட் கைடா இருந்தவர், 2004ல நைலோட தலையிலேர்ந்து மத்தியதரைக் கடல் வரைக்கும் போன பயணத்துல இருந்தவர். 2010 டிசம்பர்ல காங்கோவுல லுகுகா ஆத்துல ரெண்டு அமெரிக்க கயாக்கர்ஸோட போய்க்கிட்டிருக்கும்போது முதலை இழுத்துட்டுப் போச்சு. கூட இருந்தவங்க கையெட்டுற தூரத்துல இருந்தாங்க, ஒண்ணும் செய்ய முடியல. நான் உன்னைப் பாத்துக்கிறேன் நீ என்னைப் பாத்துக்கோங்கிறது எவ்ளோ உண்மையா இருந்தாலும் அதுக்கு ஒரு எல்லை இருக்குன்னு அந்த வட்டாரத்துக்கு அப்பவே தெரியும்.

அணை வந்த விதம்

ரெண்டு தவணையா வந்துச்சு. முதல்ல புஜாகாலி, 250 மெகாவாட், உலக வங்கி கேரண்டியோட, 2012ல முழுசா ஓடத் தொடங்குச்சு. புஜாகாலி அருவி, சில்வர்பேக் மாதிரி மேல்பகுதி ரேபிட், அதாவது பாறைங்க நடுவுல தண்ணி சீறிப் பாயுற இடம் எல்லாம் போச்சு. ராஃப்டிங் கம்பெனிங்க இன்னும் கீழ தள்ளி ஆரம்பிச்சாங்க, கயாக்கர்ஸும் அழுதுட்டு கீழ போனாங்க. அப்ப ஒரு ஆறுதல் இருந்துச்சு, 2007ல உகாண்டா அரசும் உலக வங்கியும் போட்ட ஒப்பந்தம். புஜாகாலிய மூழ்கடிக்கிறதுக்கு ஈடா கலகாலா அருவிப் பக்கத்த இயற்கைக்கும் சுற்றுலாவுக்கும்னு ஒதுக்குறோம், அங்க மின்சாரத்துக்கு கை வைக்க மாட்டோம்னு. இதை நம்பித்தான் பல பேர் கீழ்ப்பகுதியில முதலீடு பண்ணாங்க, கேம்ப் கட்டினாங்க.

அடுத்தது இசிம்பா. 183 மெகாவாட், சீன எக்சிம் பேங்க் கடன், சீனக் கம்பெனி கட்டுச்சு. அணை கட்டின இடம் கலகாலாவுக்கு கீழ, அதாவது ஒதுக்கின இடத்துல கை வைக்கல. ஆனா அணைன்னா சுவர் மட்டுமா, பின்னாடி தேங்குற தண்ணி மேல ஏறி வரும்ல. உயரத்த குறைச்சா ரேபிட்டுங்க தப்பிக்கும்னு கயாக்கர்ஸ், ராஃப்டிங் ஆளுங்க எல்லாம் சேர்ந்து கேட்டாங்க, கையெழுத்து, வீடியோ, உலக வங்கிக்கு கடிதம், உலகத்துல பேர் தெரிஞ்ச கயாக்கர்ஸ் எல்லாம் குரல் குடுத்தாங்க. 2019 மார்ச்ல அதிபர் முசெவேனி அணைய திறந்து வச்சார். நைல் ஸ்பெஷல், க்ளப் வேவ் ரெண்டும் அந்த வாக்குல ஏரியாச்சு.

மேட்டூர்ல தண்ணி வத்தினா பண்ணவாடியில நந்தி தலை தெரியும், பழைய சர்ச்சு கோபுரம் தெரியும், போய் செல்ஃபி எடுக்கிறோம். மூழ்கின அலை அப்படி இல்ல, அடியில பாறை பத்திரமாத்தான் இருக்கும், ஆனா ஓட்டம் நின்னா அலைன்னு ஒண்ணே இல்ல, எட்டிப் பார்க்கக் கூட எதுவும் மிஞ்சாது.

எதிர்வாதத்தையும் நியாயமா வைக்கணும். கிராமத்துல பெரும்பாலான வீட்டுக்கு கரண்ட் இல்லாத நாடு, அதுக்கிட்ட போய் நாலு வெள்ளைக்காரன் குதிக்கிறதுக்காக அணை கட்டாதேன்னு சொன்னா யார் கேப்பாங்க, கேக்கவும் கூடாதுதான். ஆனா கேட்டது அது இல்ல. அணை வேண்டாம்னு எல்லாரும் சொல்லல, உயரத்தப் பத்தியும், குடுத்த வாக்கப் பத்தியும் கேட்டாங்க. அதோட, கட்டின அணை ஒழுங்கா ஓடுச்சான்னா, 2022 ஆகஸ்ட்ல இசிம்பா பவர் ஹவுஸுக்குள்ளயே தண்ணி புகுந்து மொத்தமா நின்னு போச்சு, நாட்டுல பல இடத்துல கரண்ட் கட். விரிசல், தரக்குறைவுன்னு அந்த நாட்டு அரசாங்கமே காண்ட்ராக்டர் மேல குறை சொல்லிக்கிட்டிருந்த அணை அது.

நட்பு ஏன் பத்தல

இங்கதான் நான் மத்த ஆளுங்களோட கொஞ்சம் மாறுபடுறேன். அந்த எதிர்ப்பு தோத்ததுக்கு சீனா, அரசியல், கடன்னு காரணம் சொல்றாங்க, அதெல்லாம் உண்மை. ஆனா கயாக்கர்ஸ் நட்போட அமைப்புலயே ஒரு பலவீனம் இருந்துச்சு. அந்த வட்டாரத்துல ரெண்டு வகை ஆளுங்க. ஒரு வகை, நைல் போனா ஒட்டாவா இருக்கு, ஜாம்பேசி இருக்கு, நார்வே இருக்கு. அவங்க ஒரு அலைய இழந்தாங்க, மனசார அழுதாங்க, அடுத்த சீசனுக்கு வேற ஊருக்கு டிக்கெட் போட்டாங்க. இன்னொரு வகைக்கு அதுதான் பள்ளிக்கூடம், அதுதான் சம்பளம், அதுதான் உலகத்துக்கு போற கதவு. வெளிய வந்த வீடியோவுல, கடிதத்துல எல்லாம் முன்னாடி நின்னது பெரும்பாலும் முதல் வகை ஆளுங்க முகம். அரசாங்கத்துக்கு அதைத் தள்ளிவிடுறது சுலபம், வெளிநாட்டுக்காரன் விளையாட்டுன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சுது. பைக்காரனும் சேஃப்டி கயாக்கரும் முன்னாடி நின்னிருந்தா அணை நின்னிருக்கும்னு நான் சொல்லல. ஆனா அந்த ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்காது.

எடி வரிசையில எல்லாரும் சமம்ங்கிறது ரொம்ப அழகான விஷயம், அதுல இருக்கிற ஆபத்து, கரையிலயும் சமம்னு நம்ப வச்சுடும். பத்து வருஷம் பக்கத்துல நின்னு ஹெலிக்ஸ் சொல்லிக்குடுத்த தோழன் ஊருக்குப் போய்ட்டான், அவன் கெட்டவன் இல்ல, அவன் ஃப்ளைட் டிக்கெட் அப்படி.

நட்பு போதுமா இருந்த இடங்களையும் சொல்லணும், இல்லேன்னா ஒரு பக்கமா போயிடும். மூழ்கினதுக்கு அப்புறமும் ஜின்ஜா கயாக்கிங் சாகல. இட்டாண்டாவும் கலகாலாவும் மிஞ்சுச்சு, புஜாகாலி அணைக்கு கீழ ராஃப்ட் இன்னிக்கும் ஓடுது. உள்ளூர் பசங்க மிஞ்சின ரேபிட்ல அலை தேடினாங்க. 2020ல விக்டோரியா ஏரி வரலாறு காணாத மட்டத்துக்கு ஏறி, அணைங்கள்ல தண்ணிய அதிகமா திறந்துவிட்டப்போ ஆத்தோட முகமே மாறுச்சு, பழகின அலை காணாம போய் புது இடத்துல புது அலை நின்னுச்சு. எந்த மட்டத்துல எது நிக்கும்னு கண்டுபிடிச்சது தினம் ஆத்தப் பாக்குறவங்கதான், அதாவது கோவிட்ல வெளிநாட்டு ஆளுங்க வராம இருந்த நேரத்துல அங்கயே இருந்தவங்க. இப்ப வெளியூர்லேர்ந்து வர்ற கயாக்கர் அவங்ககிட்ட கேட்டுத்தான் இறங்குறான். சொல்லிக்குடுக்கிறது இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு திரும்பியிருக்கு, இது எனக்கு சின்ன விஷயமா தெரியல.

அடுத்து ஜாம்பேசி

இதை இப்ப எதுக்கு எழுதணும்னா, அடுத்த கேஸ் ரெடியா இருக்கு. விக்டோரியா அருவிக்கு கீழ ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவுல பட்டோகா கோர்ஜ்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்க 2,400 மெகாவாட்டுல ஒரு அணைத் திட்டம் ரொம்ப வருஷமா பேச்சுல இருக்கு. வந்தா ஜாம்பேசியோட புகழ்பெற்ற ரேபிட்டுங்க மூழ்கும். நைல் போனப்போ எங்க போகலாம்னு ஆளுங்க கை காட்டின ஆறு அது.

அங்க ஒரு வேலை இருக்கு, போர்ட்டர். பள்ளத்தாக்கு செங்குத்தா ஆழமா இருக்கும், ட்ரிப் முடிஞ்சதும் ராஃப்ட்டையும் கயாக்கையும் தலைச்சுமையா பாறைப் படியில, குச்சி ஏணியில மேல ஏத்தணும், வெயில்ல பாறை கொதிக்கும், நிறைய பேர் கால்ல சாதா செருப்புதான். கயாக்கர் கையில தண்ணி பாட்டிலோட மூச்சு வாங்கிக்கிட்டு பின்னாடி வருவான், போர்ட்டர் படகோட முன்னாடி மேல போய் நிப்பான். பட்டோகா பத்தி இப்ப நடக்கிற கூட்டம், மனு, சுற்றுச்சூழல் அறிக்கை எல்லாத்துலயும் முதல் கையெழுத்து யாரோடதுன்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன். சாம்பியனுங்க பேர் கண்டிப்பா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. போர்ட்டருங்க ஒரு நாளைக்கு எத்தனை படகு தூக்குறாங்க, ஒரு படகுக்கு எவ்ளோ வாங்குறாங்க, அதுல எத்தனை வீடு ஓடுதுன்னு யாராவது உக்காந்து கணக்கு எழுதி அந்த ஃபைல்ல சேர்த்தாச்சான்னுதான் தெரியணும். ஜின்ஜாவுல அந்தக் கணக்க யாரும் எழுதி வைக்கல.